சாயங்கால வட்டம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
30.7.2025

சிவரஞ்சனிக்கு,

எழுதுவது முனீஸ்வரி. 'அன்புள்ள' என்று போட மனம் வரவில்லை. போடாமலே ஆரம்பிக்கிறேன்.

உங்கள் எல்லோருடைய போனும் மேனேஜர் காமராஜ் சாரின் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. கையில் இருந்தாலும் நான் கூப்பிட்டிருக்கமாட்டேன். சமையல்கார ஆவுடையம்மாள் அக்கா எங்கள் தெருவிலிருந்துதான் தினமும் பஸ் ஏறி ராஜபாளையம் கேம்புக்கு வருகிறார். அவருடைய வயர்கூடையில் இதைப் போட்டு அனுப்புகிறேன்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தாயிற்று. வலது முட்டியில் லிகமெண்ட் முழுசாக அறுந்துவிட்டதாம். ஆபரேஷன் செய்யாமல் இனிப் பந்தைத் தொடக்கூடாது. செய்தாலும் பழையபடி ஓடுவேனா என்று பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அப்பா கையில் ஆட்டோச் சாவியை வைத்து உருட்டிக்கொண்டே, "நடக்கவாச்சும் செய்வாளா சார்?" என்று கேட்டார். அதுவரைக்கும் நான் அழவில்லை.

ஆடிப்பூரத் தேர் எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போனபோது வீட்டில் ஒருத்தரும் இல்லை. கட்டிலில் படுத்துச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று தோன்றியது.

அந்தச் சாயங்காலம் கோச் நம்மை வட்டமாக நிற்க வைத்து, வழக்கம்போல, "இன்னைக்கு யாரு குடும்பத்துக்குத் துரோகம் பண்ணினது? கேப்டன் சொல்லு" என்றார். எல்லோரும் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நீ என் முகத்தைப் பார்த்தாய். பார்த்துவிட்டுத்தான் சொன்னாய்: "முனீசுதான் சார். முட்டி வலின்னு சாக்குச் சொல்லுதா. நடிக்கா."

மூன்று வருஷம் ஒரே அறையில் படுத்தவள் நீ. முட்டிக்கு எண்ணெய் தேய்த்து விட்டவளும் நீதான். மறுநாள் மேட்ச்சுக்கு முன்னால் கோச் ஊசி போடச் சொன்னார். "நடிப்புக்கு ஊசி எதுக்கு சார்?" என்று அப்போதாவது நீ கேட்டிருக்கலாம். இரண்டாம் பாதியில் நான் திரும்பியபோது முட்டிக்குள் குச்சி ஒடிந்த மாதிரி சத்தம் கேட்டது. உனக்கும் கேட்டிருக்கும். பக்கத்தில்தான் இருந்தாய்.

ஏன் அப்படிச் சொன்னே? அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். வேறு எதுவும் எழுதாதே.

முனீஸ்வரி


ராஜபாளையம்
5.8.2025

முனீசு,

உன் கடிதத்தை ஆவுடையம்மாள் அக்கா அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துக் கொடுத்தார். இரண்டு தரம் பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது. இதையும் நீ நம்பமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

நடிக்கிறாள் என்று சொன்னால் கோச்சுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் உன்னை உட்கார வைத்துவிடுவார் என்று நினைத்தேன். போன சீசனில் அப்படித்தானே நடந்தது? யாரைச் சோம்பேறி என்று வட்டத்தில் சொன்னாலும் அடுத்த மேட்ச்சில் அவள் பெஞ்சில்தான். உனக்கு வலிக்கிறது என்று உண்மையைச் சொல்லியிருந்தால், "வலிய ஜெயிக்கவன்தான் வீரன்" என்று பட்டாளத்துக் கதையை ஆரம்பித்து உன்னை முதல் பதினொன்றில் போட்டிருப்பார். பொய் சொன்னால் உன் முட்டி தப்பிக்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பிவிட்டது.

உன் முகத்தைப் பார்த்தது அதற்குத்தான். உனக்குப் புரியும் என்று நினைத்தேன்.

ஊசி விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான். கேப்டன் என்று கைப்பட்டையைக் கட்டிவிட்டார்களே தவிர, வட்டத்தில் முதலில் பேசவேண்டியவள் என்பதற்கு மேல் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

இங்கே ஒன்றும் மாறவில்லை. உன் கட்டில் காலியாக இருக்கிறது. காலையில் எடை பார்ப்பதை இப்போது எல்லோர் முன்னாலும் செய்கிறார்கள். சின்னவள் வெங்கடேஸ்வரியைத்தான் அதிகம் படுத்துகிறார்கள். கோல்கீப்பர் பிள்ளை, உயரமும் கையும் காலும் அதற்குத் தக்கபடிதானே இருக்கும்? எடை கூடின அன்றைக்கு அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்திருக்கவேண்டும். மகாராஜபுரத்து வீட்டுக்கு ஓடிவிடுவாளோ என்று பயந்தேன். "போனா எங்கய்யா திரும்ப அனுப்பமாட்டாருக்கா. கட்டிக் குடுத்துருவாரு" என்கிறாள்.

வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

சிவா


ஸ்ரீவில்லிபுத்தூர்
8.8.2025

சிவா,

நம்பவில்லை.

ராத்திரி யோசிக்கும்போது அப்படியும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. விடிந்து காலை ஊன்றினால் நம்பிக்கை போய்விடுகிறது.

காமராஜ் சார் நேற்று ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அப்பாவிடம், "மேட்ச்சுல பட்ட அடின்னு டாக்டர் சீட்டு ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி. ஆபரேஷன் செலவ மேல இருக்கவங்க ஏத்துக்கமாட்டாங்க" என்றார். ஊசி போட்ட ஆள் டாக்டரே இல்லை, மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறவர் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நிறுத்திக்கொண்டேன். காமராஜ் சார் போனதும் ஹார்லிக்ஸை எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன்.

நீ எழுதியது நிஜமென்றால் அதை எனக்கு நிரூபிக்க வேண்டாம். வெங்கடேஸ்வரிக்கு நிரூபி. என் முட்டி போன மாதிரி அவளுக்கு ஏதாவது போகும்வரைக்கும் காத்திருக்காதே. உனக்கு வாய் இருக்கிறது. கேப்டன் பேசினால் மற்றவர்கள் பேசுவார்கள்.

முட்டி வலிக்கிறது. மாடிப்படி ஏற முடியவில்லை.

முனீசு


ராஜபாளையம்
24.8.2025

அன்புள்ள முனீசு,

முந்தாநாள் காலையில் வெங்கடேஸ்வரி மைதானத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். டைவ் அடித்தாள், பந்தைப் பிடித்தாள், எழுந்திருக்கவில்லை. கோச், "பந்தை வுடாம விழுந்திருக்கா பாருங்க, அதான் கீப்பர்" என்று எல்லோரிடமும் சொல்லிக் கைதட்டச் சொன்னார். நாங்களும் தட்டினோம் முனீசு. நானும் தட்டினேன். அவளுக்குக் கண் திறந்திருந்தது. நாங்கள் கைதட்டுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

அன்றைக்கு ராத்திரி ஆவுடையம்மாள் அக்கா இரண்டு தோசையை இலையில் சுருட்டி அவளுக்குக் கொண்டுவந்தார். "ஏட்டி, எவன் என்ன சொன்னாலும் தின்னுடி. நாளைக்கு ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா கப்பு வந்து ஒங்கம்மாகூட உக்காந்து அழுவாதா?" என்றார். அதைக் கேட்டு அறையில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். பிறகு எல்லோரும் பேசினார்கள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வட்டம் இல்லாமல் பேசினோம்.

முடிவு செய்திருக்கிறோம். அடுத்த லீக் மேட்ச் திண்டுக்கல்லில். மைதான வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கமாட்டோம். சாயங்கால வட்டத்தை நிறுத்தவேண்டும், எடைக்காகச் சாப்பாட்டை நிறுத்தக்கூடாது, காயம்பட்டவளை டாக்டர் பார்க்கவேண்டும். இந்த மூன்றும்தான். போன சீசனிலிருந்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு வேறு கோபங்களும் உண்டு. கோச்சுக்குப் பிடித்தவள்தான் ஆடுகிறாள் என்கிறார்கள். அதையெல்லாம் சேர்த்தால் ஒன்றும் நடக்காது என்று சொல்லிவிட்டேன். கால்பந்துச் சங்கத்துக்கும் புகார் எழுதிப் போட்டுவிட்டோம். விசாரிக்க ஆள் அனுப்புவார்கள் என்கிறார்கள்.

எனக்குப் பயம் ஒன்று இருக்கிறது. போலீஸ் வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எழுதிப் போட்டிருப்பது உனக்குத் தெரியும். கிளப் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இல்லாமல் அது நடக்காது. எங்கம்மாவுக்குத் தளவாய்புரத்தில் நைட்டி தைத்துக் குனிந்தே முதுகு வளைந்துவிட்டது. எனக்குக் காக்கிச் சட்டை வந்தால்தான் மிஷினை விட்டு எழுந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதைச் சொல்லி நான் பின்வாங்கப் பார்க்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஒரே ஒரு உதவி. விசாரணை வந்தால் நாங்கள் சொல்வது எல்லாம் வெறும் வாய்ப்பேச்சு. உன் முட்டி ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிற சாட்சி. வலியோடு ஊசி போட்டு ஆட வைத்தார்கள் என்று நீ வந்து சொல்வாயா?

சிவா


ஸ்ரீவில்லிபுத்தூர்
26.8.2025

அன்புள்ள சிவா,

சொல்வேன். யார் முன்னாலும் சொல்வேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, ஊசி குத்தின இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்வேன். இதையெல்லாம் கேட்கவும் வேண்டுமா?

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ளைக்குத் தைரியம்தான்" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது எம்புட்டுப் பெரிய விஷயம் தெரியுமா? நீ சொன்ன அந்த ஒற்றை வாக்கியத்துக்காக உன் பெயரையே வீட்டில் எடுக்கக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தவர்.

நான் படுத்தபடியே உங்கள் பஸ்ஸை நினைத்துப் பார்க்கிறேன். கோச் வாசலில் நிற்கிறார், ஒருத்தியும் இறங்கவில்லை. அந்த முகத்தைப் பார்க்க நான் இல்லையே என்றுதான் வருத்தமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. அவர் கத்தமாட்டார். கத்தினால் பயம் இல்லை. மெதுவாகப் பேசுவார். அப்போது ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காதீர்கள். பார்த்தால் போச்சு.

பயப்படாதே. நான் இருக்கிறேன்.

உன் முனீசு


தளவாய்புரம்
9.9.2025

முனீசு,

ஊர் பெயரைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். வீட்டுக்கு வந்துவிட்டேன். போன் இப்போது கையில் இருக்கிறது. உன் நம்பரை எடுத்து எடுத்து வைத்துவிடுகிறேன். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். எழுதினால் நிறுத்தி நிறுத்தி எழுதலாம்.

திண்டுக்கல்லில் பஸ் நின்றது. நாங்கள் இறங்கவில்லை. காமராஜ் சார் ஏறி வந்து, "என்னம்மா விளையாட்டா இருக்கா?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அப்போதுகூட எல்லோரும் உறுதியாகத்தான் இருந்தார்கள். அப்புறம் கோச் வந்தார். நீ எழுதியிருந்தபடியே. கத்தவில்லை. முன் சீட்டில் வெங்கடேஸ்வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். தன் பையிலிருந்து வாழைப்பழம் ஒன்றை எடுத்து உரித்து அவள் கையில் கொடுத்தார். அவள் தின்று முடிக்கும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சொன்னார்: "வீட்ல ஒரு மனத்தாங்கல்னா பிள்ளைக வீட்டை விட்டா போயிரும்? நீங்க கேட்டதெல்லாம் பேசலாம். நானும் பொம்பளப் பிள்ள பெத்தவன்தான். ஆனா யாரோ ஒருத்தி ஒங்க மனச கலைச்சிருக்கா. அவ பேரு மட்டும் எனக்குத் தெரியணும். சொல்லிட்டு இறங்கி வார்ம்-அப் பண்ணுங்க. மத்தவங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல."

நான் எழுந்திருக்கத்தான் போனேன் முனீசு. நானே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் வெங்கடேஸ்வரி சொல்லிவிட்டாள்.

"சிவாக்கா."

பழத்தோல் இன்னும் அவள் கையில் இருந்தது. அடுத்தவளைப் பார்த்தார். "சிவாக்காதான் சார்." அதற்கு அடுத்தவள். பஸ்ஸின் கடைசி சீட்டு வரைக்கும் அப்படியே போயிற்று. நாங்கள் வட்டமாகக்கூட நிற்கவில்லை. சீட்டில்தான் உட்கார்ந்திருந்தோம். ஆனாலும் வட்டம்தான் அது. பெயரைச் சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தியாக இறங்கிப் போனார்கள்.

அந்த மேட்ச்சில் ஜெயித்தார்கள். பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே யார் கோல் என்று தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கே என்னை அனுப்பிவிட்டார்கள். நீக்கவில்லை, அதுதான் விஷயம். ஒப்பந்தம் இன்னும் இரண்டு சீசனுக்கு இருக்கிறது. ஆடவும் விடமாட்டார்கள், வேறு கிளப்புக்குப் போக அனுமதியும் தரமாட்டார்கள். "வீட்ல இரு, தேவைப்பட்டா கூப்புடுதோம்" என்றார் காமராஜ் சார். ரெண்டு சீசன் முடியும்போது எனக்கு என்ன வயதாகும் என்று நீயே பார்த்துக்கொள்.

ஆனால் புகார் போய்ச் சேர்ந்திருக்கிறது. இருபத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து விசாரிக்கிறார்கள். சங்கத்திலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். மற்ற பிள்ளைகள் ஒருத்தியும் பேசமாட்டார்கள். நீ வந்து உன் முட்டியைப் பற்றிச் சொன்னால் போதும். அதுதான் மிச்சம் இருக்கிறது.

சிவா


ஸ்ரீவில்லிபுத்தூர்
17.9.2025

சிவா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. உடனே எழுதவில்லை. கோவித்துக்கொள்ளாதே.

இங்கே சாயங்காலமானால் மேகம் கூடுகிறது, மழை பெய்யாமல் போய்விடுகிறது. முட்டிக்கு அதுவே தெரிந்துவிடுகிறது. உள்ளே யாரோ முறுக்குகிற மாதிரி இருக்கிறது. நேற்று குடத்தைத் தூக்கப் போய், கால் தானாகக் கழன்ற மாதிரி சறுக்கி விழுந்துவிட்டேன். அம்மா தூக்கி உட்கார வைத்தார். இப்படியே நடந்துகொண்டிருந்தால் உள்ளே இருக்கிற ஜவ்வும் தேய்ந்துபோகும், சீக்கிரம் ஆபரேஷன் செய்தாகவேண்டும் என்று டாக்டர் மறுபடியும் சொல்லியிருக்கிறார்.

காமராஜ் சார் வந்திருந்தார். அப்பாவோடு வெளியே நின்று ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை, "நல்லா இருக்கியாம்மா?" என்று மட்டும் கேட்டார். அவர் போன பிறகு அப்பா சாப்பிடவில்லை.

வெங்கடேஸ்வரி மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன். அப்பா ஆட்டோவிலேயே கூட்டி வருகிறேன் என்றிருக்கிறார். வருவேன்.

முனீசு


தளவாய்புரம்
23.9.2025

முனீஸ்வரி,

மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் நீள மேஜை போட்டிருந்தார்கள். நான் ஒரு பக்கம், நீ எதிர்ப்பக்கம். நீ என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தபோதே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

சங்கத்திலிருந்து வந்த பெரியவர் மரியாதையாகத்தான் கேட்டார். "முட்டியில எப்படிம்மா அடிபட்டது? பயப்படாம சொல்லு." நீ மேஜை விரிப்பைப் பார்த்துச் சொன்னாய்: "லீவுக்கு வீட்டுக்கு வந்தப்ப பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சார்."

"ஊசி ஏதும் போட்டாங்களா?"

"இல்ல சார்."

"மைதானத்துல ஒண்ணும் ஆகலையே?"

"ஏற்கெனவே இருந்த வலிதான் சார்."

உன் அப்பா கதவுக்கு வெளியே நின்றிருந்தார். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். அவரைப் பார்த்த பிறகு எனக்குக் கத்தவும் முடியவில்லை.

பெரியவர் என் பக்கம் திரும்பி, "ஒங்க புகார்ல இருக்க ஒரே ஆதாரம் இதுதானம்மா" என்றார். காகிதத்தை மடித்தார். அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் காப்பி வந்தது. கோச் எழுந்து வந்து எனக்கும் ஒரு டம்ளர் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

'நான் இருக்கிறேன்' என்று எழுதியிருந்தாய். அதை நம்பித்தான் பஸ்ஸில் கடைசிவரைக்கும் உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன எழுதுவது?

சிவரஞ்சனி


ராஜபாளையம்
2.11.2025

சிவா,

கேம்பிலிருந்து எழுதுகிறேன். ஆமாம், நம் கேம்பிலிருந்துதான்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. கிளப்தான் செய்து கொடுத்தது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி, தனி அறை. அப்பா இரண்டு நாள் என் கட்டிலுக்குக் கீழேயே படுத்திருந்தார். இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறேன். ஓட முடியாது. என்றைக்குமே முடியாது என்று இந்தத் தடவை டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். கோச் என்னைக் கேம்பில் உதவியாளராக வைத்துக்கொண்டார். பிள்ளைகளை எழுப்புவது, எடை பார்ப்பது, பீரோச் சாவி. இங்கே வந்ததும் என் போனையும் அந்தப் பீரோவிலேயே வைத்துப் பூட்டிவிட்டேன். உதவியாளருக்கும் அதே சட்டம்தான்.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் குணம் அது. எனக்கு அது வேண்டாம்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். விசாரணைக்கு முதல்நாள் ராத்திரி அப்பா என் காலடியில் உட்கார்ந்து, "நீ என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்தான்" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்தக் கை முட்டியில் இருக்கும்போது என்னால் என்ன முடிவு எடுத்திருக்க முடியும்? ஊசியைப் பற்றிச் சொல்லியிருந்தால் உனக்கு நியாயம் கிடைத்திருக்கலாம். கிடைத்திருக்கும் என்றுகூட நிச்சயம் இல்லை. எனக்குக் கால் கிடைத்திருக்காது. அது நிச்சயம்.

இன்னொன்றும் நினைத்துப் பார்த்தேன். வட்டத்தில் நீ என்னைப் பற்றிப் பொய் சொன்னாய். நான் மண்டபத்தில் உன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என்னைப் பற்றித்தான் பொய் சொன்னேன். ஆனால் அடி உனக்கு விழுந்திருக்கிறது.

ஆவுடையம்மாள் அக்கா என்னோடு பேசுவதில்லை. லீவுக்கு ஊருக்குப் போகும்போது அவர் ஏறுகிற பஸ்ஸில்தான் போகிறேன், தனித்தனி சீட்டில் உட்கார்ந்துகொள்கிறோம். இந்தக் கடிதத்தைக் கொடுத்தபோது முகவரியைப் பார்த்துவிட்டு, "இத நான் தொடமாட்டேன். தபால்ல போடு" என்றார். தபாலில்தான் போடுகிறேன்.

மலையில் நல்ல மழை. அய்யனார் கோவில் பக்கம் யாரையும் விடவில்லை, தண்ணீர் அப்படி வருகிறதாம். மைதானம் முழுக்கச் சேறு.

முனீசு


தளவாய்புரம்
10.11.2025

முனீசு,

கடிதம் வந்தது. கால் ஊன்றி நடக்கிறாய் என்பதைப் படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

போலீஸ் தேர்வுக்குப் போய் வந்தேன். ஓட்டத்தில் முதலாவதாக வந்தேன். சான்றிதழ் மேஜையில் கிளப் கையெழுத்து எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "அப்ப பொதுப் பிரிவுலதான்மா" என்றார்கள். பொதுப் பிரிவுக்கு எழுத்துத் தேர்வு ஏற்கெனவே முடிந்துவிட்டது. கூட ஓடிய பிள்ளைகள் என்னிடம் வந்து, "அக்கா, நீங்க எந்த டீமு?" என்று கேட்டார்கள். ஊர் பெயரைச் சொன்னேன்.

இப்போது அம்மா பக்கத்தில் இன்னொரு மிஷின் போட்டிருக்கிறோம். நைட்டிக்கு ஓரம் அடிக்கிறேன். அம்மா குறை சொல்வதில்லை. "ஒனக்குக் கால் பழக்கம் நல்லா இருக்கு, பெடல் சீரா மிதிக்கே" என்று பாராட்டுகிறார். அவர் சிரிக்கத்தான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. கல்யாணப் பேச்சும் ஆரம்பித்திருக்கிறது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கும் ஏதாவது ஒன்று கையில் இருக்கவேண்டும் இல்லையா?

உன் மேல் கோபம் இருக்கிறதா என்று ராத்திரி படுத்துக்கொண்டு தேடிப் பார்க்கிறேன். இல்லை. கோபம் இருந்தால் திட்டியாவது எழுதுவேன். மண்டபத்தில் உன் இடத்தில் நான் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். நீ சொன்னதையேதான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. அது தெரிந்ததிலிருந்து எழுத ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. இனிக் கடிதம் போடாதே முனீசு. கோபத்தில் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் செய். பிள்ளைகளை எழுப்புவதும் எடை பார்ப்பதும் நீதான் என்று எழுதியிருக்கிறாய். வெங்கடேஸ்வரிக்கு எடை கூடினால் கூடினதாகச் சொல்லாதே. ராத்திரி அவள் சாப்பிட்டாளா என்று பார். என் பெயரைச் சொன்னதை நினைத்து அவள் அழுதால், சிவாக்காவே சொல்லச் சொன்னாள் என்று சொல்லிவிடு.

சிவா


ராஜபாளையம்
16.11.2025

சிவா,

எழுதாதே என்றாய். இது கடைசி. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்கமுடியவில்லை.

உன் கடிதம் வருவதற்கு முதல்நாள் வெங்கடேஸ்வரியை அனுப்பிவிட்டார்கள். கை நடுக்கம் வந்துவிட்டது அவளுக்கு. பந்து வருகிறது என்றாலே கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய அய்யா மகாராஜபுரத்திலிருந்து பைக்கில் வந்தார். பெட்டியை முன்னால் வைத்து, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். கேட்டைத் திறந்துவிட்டது நான்தான். நீ சொல்லச் சொன்னது அப்போது எனக்குத் தெரியாது. "போயிட்டு வாரேன்க்கா" என்றாள், அவ்வளவுதான்.

நேற்று புதுப் பிள்ளைகள் வந்து இறங்கியிருக்கிறார்கள். தேனிப் பக்கம், சங்கரன்கோவில் பக்கம். ஒருத்திக்கு ஷூ பெரிதாக இருக்கிறது, உள்ளே துணி வைத்துக் கட்டியிருக்கிறாள். போனை எல்லாம் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ராத்திரி விளக்கை அணைக்கப் போனபோது உன் கட்டிலில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து, "அக்கா, இங்க எப்படிக்கா இருக்கும்?" என்று கேட்டாள். மற்றவர்களும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"போகப் போகப் பழகிரும்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தேன்.

முனீஸ்வரி